பழைய வில்லின் தொழிற்சாலைக் குறிகளைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வில் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கிடைத்த நாணை மாட்டிக் கன்னம் வரை இழுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பது கண்ணில் படும். வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் படிக்க வேண்டும், அடுத்து அளக்க வேண்டும், கடைசியில்தான் இழுக்க வேண்டும்.

இராமநாதபுரம் கடற்கரையில் என்னிடம் வரும் வில்கள் இரண்டு வழியாக வருகின்றன. சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய சபராளிகளின் வீட்டுப் பரணிலிருந்து இறங்குபவை ஒரு பங்கு. பிள்ளை வில்வித்தை வகுப்பில் சேர்ந்திருக்கிறான், புதிய வில் கட்டுப்படியாகாது என்று வெளியூரில் பழையதாக வாங்கி வருபவை மறு பங்கு. இரண்டிலும் எழுத்து பாதி அழிந்திருக்கும். எந்த எண் எதைச் சொல்கிறது என்பது கொண்டுவந்தவருக்குத் தெரியாது.

தங்கச்சிமடத்துப் பையன் ஒருவனுக்கு 13 வயது. அவனுடைய அப்பா வாங்கி வந்த வில்லில் வெள்ளை பெயின்ட்டில் 24 என்று பெரிதாக எழுதியிருந்தது. 24 பவுண்டு என்று நம்பிப் பத்து நாள் இழுத்தான். பதினோராம் நாள் சட்டை போடக் கை தூக்க முடியவில்லை. வில்லைத் துடைத்துப் பார்த்தபோது கைப்பிடிக்குக் கீழே மங்கிய கறுப்பு மையில் 48# 28" என்று இருந்தது. அதுதான் தொழிற்சாலை எழுதியது. வெள்ளை 24 என்பது முன்பு அந்த வில்லை வைத்திருந்த ஏதோ ஒரு பயிற்சிக் கூடத்தின் அலமாரி எண். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்தப் பையனின் தோளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

மெல்லிய பருத்தித் துணி இரண்டு, ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர், கைவிளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, தையற்காரர் டேப், பென்சில், நோட்டு, படம் எடுக்க ஒரு போன். பிற்பகுதிக்குக் கொக்கித் தராசு ஒன்றும் வேண்டும். மீன் வாங்குமிடத்தில் கூடையை மாட்டி நிறுக்கிறார்களே, அதே தராசு போதும். 30 கிலோ வரை காட்டினால் நல்லது.

தின்னர், ஸ்பிரிட், பெட்ரோல், உப்புத்தாள் ஆகியவற்றை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். எடை, நீளம், வரிசை எண் ஆகியவற்றைப் பல தொழிற்சாலைகளில் ஆட்கள் பேனாவால் கையாலேயே எழுதினார்கள். அதன் மேல் ஒரு பூச்சுதான் காவல். தின்னர் பட்டால் பூச்சும் போகும், மையும் போகும். வில்லைப் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களின் வில்களில் படிப்பதற்கு எதுவுமே மிச்சம் இருக்காது.

துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஒட்டுப்படம் சில நேரம் துணியோடு உரிந்து வந்துவிடும். அப்போது அந்தப் படம் மட்டுமே சாட்சி.

2. ஈரத்துணியால் துடையுங்கள்

நம் ஊரில் திறந்த அறையில் கிடந்த எந்தப் பொருளின் மேலும் உப்பும் பொடிமணலும் படிந்திருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் மூடிய அறையிலும் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் அந்த மணலே உப்புத்தாளாக வேலை செய்து எழுத்தை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதலில் ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்து வரும். இரண்டாம் முறை மெதுவாக ஒரே திசையில் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். எழுத்துள்ள இடத்தில் அழுத்தவே வேண்டாம்.

3. குறியைப் படிக்கும் முன் உடம்பைப் பாருங்கள்

குறி சொல்வது, தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளில் அந்த வில் எப்படி இருந்தது என்பதை. இன்றைய நிலையை உடம்புதான் சொல்லும். உடம்பு கெட்டுப்போயிருந்தால் எண்ணைப் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வில்லின் நடுக்கட்டையை ரைசர் என்றும், மேலும் கீழும் வளையும் இரண்டு கைகளை லிம்ப் என்றும் பயிற்சி மைதானங்களில் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். லிம்ப் பெரும்பாலும் மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. ஒரு பஞ்சு உருண்டையை லிம்பின் இரண்டு ஓரங்களிலும் நுனி வரை ஓட்டுங்கள். அடுக்கு பிரிந்த இடத்திலும் சிலாம்பு எழுந்த இடத்திலும் பஞ்சு சிக்கும். சிக்கிய இடத்தில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டு விட்டிருந்தால் அந்த வில் சுவரில் மாட்டத்தான்.

பிறகு நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். தச்சர் மரச்சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல. லிம்ப் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஓல்ட்பரியில் இருந்த அக்கிள்ஸ் அண்ட் பொல்லாக் நிறுவனம் 'அப்போலோ' என்ற பெயரில் எஃகுக் குழாயால் வில்கள் செய்தது. ஆங்கிலேயர் இருந்த ஊர்களிலிருந்து வரும் பழைய சாமான்களில் இவை இருக்கலாம். வெளியே பெயின்ட் ஒழுங்காகத் தெரியும், உள்ளே குழாய் துருப்பிடித்து மெலிந்திருக்கும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒடியும். உப்புக் காற்றடிக்கும் நம் கரையில் இருந்த எஃகு வில்லுக்கு நான் நாண் ஏற்றவே மாட்டேன், யாரையும் ஏற்ற விடவும் மாட்டேன். காந்தத்தை வைத்துப் பாருங்கள். லிம்பில் ஒட்டினால் அது எஃகு. அதன் குறிகளைப் படித்து எழுதிக்கொண்டு, வில்லை அப்படியே வைத்துவிடுங்கள்.

4. குறிகள் எங்கே இருக்கும்

தேடும் வரிசை இது. முதலில் ரைசரின் பக்கவாட்டில், அம்பு தங்கும் திட்டுக்குக் கீழே பாருங்கள். அடுத்து, ரைசர் முடிந்து லிம்ப் தொடங்கும் இடம். இங்கே வில்லாளியின் முகத்தைப் பார்க்கும் பக்கத்தில் எழுத்து இருக்கும். மூன்றாவதாக லிம்பின் நடுப்பகுதி. மாடலின் பெயர் பெரிய எழுத்தில் பெரும்பாலும் இங்கேதான் அச்சாகியிருக்கும். கழற்றி மாட்டும் வில்லானால், ரைசரோடு பொருந்தி மறைந்துபோகும் லிம்பின் அடிப்பகுதியையும் பாருங்கள். காற்றும் வெயிலும் படாததால் அங்கே இருக்கும் எழுத்து புத்தம் புதிதாகத் தெரியும்.

பகலில் நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து இரவில் தெரியும். அறை விளக்கை அணையுங்கள். கைவிளக்கை வில்லோடு ஒட்டிப் படுக்கைவாக்கில் பிடித்து, வெளிச்சம் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி மெதுவாக நகர்த்துங்கள். பேனா அழுத்திய பள்ளம் நிழலாக எழும். கீழக்கரையில் ஒரு வீட்டில் பகல் முழுவதும் 35 என்று படித்த எண், இரவில் விளக்கைச் சாய்த்ததும் 55 ஆனது. முதல் 5இன் மேற்கோடும் இடது பக்கச் சிறு கோடும் தேய்ந்து வளைவு மட்டும் நின்றிருந்தது. 20 பவுண்டு வித்தியாசம் என்பது ஒரு பிள்ளையின் தோளைக் கெடுக்கப் போதுமான வித்தியாசம்.

3, 5, 8 ஆகிய மூன்றும் ஒன்றாக மாறித் தெரியும். 1, 4, 7 மூன்றும் அப்படியே. இந்த ஆறில் எது வந்தாலும் உருப்பெருக்கியில் மறுமுறை பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அதிக எடையையே உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. எழுதியது யார் என்று பிரியுங்கள்

புதியவர்கள் தவறாமல் விடும் படி இது. வில்லில் இருக்கும் எண்கள் எல்லாம் தொழிற்சாலை எண்கள் ஆகிவிடாது. பயிற்சிக் கூடம் போட்ட எண், விற்றவர் ஒட்டிய விலை, முந்தைய உரிமையாளர் நாண் மாட்டும் உயரத்தைக் குறித்துக்கொண்டது என்று எல்லாமும் கலந்திருக்கும்.

விரல் நகத்தை எழுத்தின் மேல் லேசாக ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது பூச்சுக்கு மேலே, பின்னால் எழுதப்பட்டது. வழுக்கிக்கொண்டு போனால் எழுத்து பூச்சுக்கு அடியில் இருக்கிறது, பெரும்பாலும் தொழிற்சாலையுடையது. வெறும் எண் மட்டும் தனியாக, பெரிதாக, பெயின்ட்டில் இருந்தால் அதை எடை என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலை எடையை எழுதும்போது பக்கத்தில் # குறியோ, பவுண்டு என்பதன் சுருக்கமோ, 28 என்ற எண்ணோ பெரும்பாலும் துணைக்கு நிற்கும்.

6. முதலில் எடை

# என்பது பவுண்டு. 45# 28" அல்லது 45# @ 28" என்றால், நாணை 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் விழும் சுமை 45 பவுண்டு. ஒரு பவுண்டு 453.6 கிராம். ஆக 45 பவுண்டு ஏறக்குறைய 20.4 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூன்று விரலில் தூக்கி, அசையாமல் கன்னத்தருகே வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். பெற்றோருக்கு இப்படிச் சொன்னால்தான் புரிகிறது.

இரண்டாவது எண்ணை யாரும் படிப்பதில்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது. 28 என்பது வளர்ந்த ஆளுக்கான பொது அளவு. சிறுவர் வில்களில் 24 அல்லது 26 என்று இருக்கலாம். 28 அங்குலத்தை ஒட்டிய பகுதியில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 2 முதல் 3 பவுண்டு கூடும் அல்லது குறையும். வலுவான வில்லில் 3 பக்கம் நிற்கும், மென்மையான வில்லில் 2க்கும் கீழே போகலாம்.

உங்கள் இழுவை நீளம் தெரியாதென்றால், இரண்டு கைகளையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுங்கள். 160 சென்டிமீட்டர் என்றால் 63 அங்குலம்; வகுத்தால் 25 சொச்சம். இந்தப் பிள்ளை 45# 28" வில்லை இழுத்தால் மூன்று அங்குலம் குறைவு, அதாவது 37, 38 பவுண்டு அளவுக்கு வரும். குறைந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். வில்வித்தை தொடங்கும் பிள்ளைக்கு 16 முதல் 24 பவுண்டு போதும். பழைய அமெரிக்க வில்களில் பெரும் பகுதி வேட்டைக்குச் செய்தவை, 40 முதல் 55 பவுண்டு வரை. பிள்ளைக்கென்று அவற்றை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

7. அடுத்து நீளம், அதோடு நாண்

60", 62", 66" என்பவை வில்லின் நீளம். பக்கத்தில் ஏஎம்ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது அமெரிக்க வில் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த அளவு முறை. அந்த முறைப்படி வில்லின் நீளம் என்பது அதற்குரிய அளவு நாணின் நீளத்தைவிட 3 அங்குலம் கூடுதல்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. வில்லில் 62 என்று இருப்பதைப் பார்த்து 62 அங்குல நாண் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். அது தொங்கும், மாட்டவே முடியாது. நுனி முன்பக்கமாக வளைந்த ரிகர்வ் வில்லுக்கு, எழுதிய நீளத்தைவிடச் சுமார் 4 அங்குலம் குறைவான நாண் வேண்டும். நேர்வில்லுக்கு 3 அங்குலம் குறைவு. கடையில் நாண் கேட்கும்போது 'இது வில்லின் நீளம், நாணின் நீளம் இல்லை' என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

நீளம் அழிந்திருந்தால், நாண் ஏற்றாத வில்லின் முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், டேப்பை வளைவோடு ஒட்டிப் பிடித்து, ஒரு நுனியின் நாண் வெட்டிலிருந்து மறு நுனியின் வெட்டு வரை அளங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் குறைவாக வரும்.

நாணின் பொருளும் முக்கியம். பழைய வில்லுக்கு டேக்ரான் என்ற பாலியெஸ்டர் இழை நாண்தான். இன்றைய நாண்கள் பலவும் நீட்சி மிகக் குறைந்தவை. அம்பை விட்டதும் அதிர்ச்சி முழுவதும் லிம்ப் நுனிக்குப் போய், வலுவூட்டாத பழைய நுனியைப் பிளந்துவிடும். டேக்ரான் கொஞ்சம் நீண்டு கொடுத்து அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும்.

8. வலக்கையா, இடக்கையா

ஆர்எச் என்றால் வலக்கை, எல்எச் என்றால் இடக்கை. நாணை இழுக்கும் கையைத்தான் இது சொல்கிறது. ஆர்எச் வில்லை இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுக்க வேண்டும். குறி அழிந்திருந்தால் வில்லை எய்யும் நிலையில் பிடித்துப் பாருங்கள். அம்பு தங்கும் வெட்டு உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் அது வலக்கை வில்.

9. பெயரும் ஊரும்: காலத்தை நெருங்குவது

எடையும் நீளமும் தெரிந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். பலர் இங்கிருந்தே தொடங்கி, விலை மதிப்பைத் தேடிக்கொண்டு எடையை மறந்துவிடுகிறார்கள்.

மாடலின் பெயரை வைத்துக் காலம் சொல்ல முடியாது. பேர் ஆர்ச்சரி என்ற அமெரிக்க வில் நிறுவனத்தின் 'கிரிஸ்லி', 'கோடியாக்' போன்ற பெயர்கள் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தவை. காலத்தைச் சொல்பவை சின்ன எழுத்துகள்தான்.

ஊர்ப்பெயரைப் பாருங்கள். பேர் ஆர்ச்சரி 1947இல் மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங்குக்கு வந்தது, 1978இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போனது. கிரேலிங் என்றிருந்தால் அந்த இடைவெளிக்குள், கெய்ன்ஸ்வில் என்றிருந்தால் அதற்குப் பின். ஹாய்ட் வில்லில் ஈஸ்டன் பெயரும் சேர்ந்திருந்தால், ஈஸ்டன் அந்த நிறுவனத்தை வாங்கிய 1983க்குப் பிந்தையது. பென் பியர்சன் வில்லில் பைன் பிளஃப், ஆர்கன்சா என்றிருக்கும். ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் கலமாசூ, மிச்சிகன் என்றிருக்கும். தூண்டில் போடுபவர்கள் இந்தப் பெயரைப் பார்த்ததும் சந்தேகப்படுவார்கள். மீன்பிடி ரீல் செய்த அதே நிறுவனம்தான் வில்லும் செய்தது, போலி இல்லை. யமஹா வில் தயாரிப்பை 2002இல் நிறுத்தியது. ஆகவே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்தப் பெயருள்ள வில் அதற்கு முந்தையதே.

முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறதா? அமெரிக்காவில் அந்த எண் 1963 ஜூலையில்தான் வந்தது. எண் இருந்தால் வில் அதற்குப் பிந்தையது. இல்லாவிட்டால் முந்தையது என்று சொல்லிவிட முடியாது, பழைய அச்சையே தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் உண்டு.

காப்புரிமை எண்ணில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பேர் ஆர்ச்சரியின் பல வில்களில் கனடா காப்புரிமை 1953 என்று அச்சிட்டிருக்கும். வில்லில் காணும் ஒரே ஆண்டு அதுதான் என்பதால் 1953இல் செய்த வில் என்று நம்பி, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். அது காப்புரிமை கிடைத்த ஆண்டு. அந்த வரியை 1960களிலும் அதற்குப் பிறகும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். காப்புரிமை ஆண்டு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லும்: அந்த அச்சுள்ள வில் அதற்கு முன்னால் செய்ததில்லை.

ஆண்டு இல்லாமல் அமெரிக்கக் காப்புரிமை எண் மட்டும் இருந்தாலும் கணக்குப் போடலாம். 20 லட்சமாவது எண் 1935இல் கொடுக்கப்பட்டது. 30 லட்சமாவது 1961இல், 40 லட்சமாவது 1976 டிசம்பரில், 50 லட்சமாவது 1991இல். உங்கள் வில்லின் எண் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 1961 செப்டம்பருக்கு முன் அது பிறந்திருக்க முடியாது.

பேர் ஆர்ச்சரி வில்லின் ரைசரில் பதித்த வட்ட உலோகப் பதக்கமும் ஒரு குறிதான். பதக்கம் வரத் தொடங்கியது 1959இல். 1972 வரை அது மரத்தோடு சமமாகப் பதிந்திருக்கும், 1973 முதல் மேடாக எழும்பியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அதன் மேல் ஓட்டுங்கள். விளிம்பு தட்டுப்படாவிட்டால் முந்தையது. அந்த ஒரு தொடுதலில் கிடைக்கிற உறுதி வேறு எதிலும் கிடைப்பதில்லை.

10. வரிசை எண்

எழுத்தும் எண்ணும் கலந்து, எடைக்குப் பக்கத்திலோ எதிர்ப்பக்கத்திலோ இருக்கும். இதை அப்படியே நோட்டில் படி எடுத்துக்கொள்ளுங்கள், பொருள் கற்பிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. அதே நிறுவனமும் இடையில் முறையை மாற்றியது. 67 என்று தொடங்கினால் 1967 என்றோ, பேர் ஆர்ச்சரி வில்லில் கே என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 'கோடியாக்' என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த எழுத்து வேறு மாடல்களின் எண்களிலும் வரும். முந்தைய படியில் கிடைத்த காலத்தோடு ஒத்துப்போனால் துணைச் சாட்சி, அவ்வளவுதான்.

11. கழற்றி மாட்டும் வில்லில் இரண்டு எடைகள்

லிம்பையும் ரைசரையும் தனித்தனியாக விற்கும் வில்களில் எடை லிம்பில் எழுதியிருக்கும். பெரும்பாலும் இரண்டு வரி: 68" 36#, அதற்குக் கீழே 66" 38#. ஒரே லிம்புக்கு இரண்டு எடை எப்படி என்று திகைக்க வேண்டாம். 25 அங்குல ரைசரில் மாட்டினால் வில் 68 அங்குலமாகி 36 பவுண்டு. 23 அங்குல ரைசரில் மாட்டினால் வில் குட்டையாகி 38 பவுண்டு. ஆகவே லிம்பின் எழுத்தைப் படிப்பதற்கு முன் ரைசரை அளந்தாக வேண்டும்.

மேல் லிம்பிலும் கீழ் லிம்பிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வெவ்வேறு வில்களின் லிம்பைச் சேர்த்து ஒரு சோடியாக விற்பது நடக்கிறது. பார்வைக்கு நிறமும் பெயரும் ஒன்றுதான், ஆனால் இழுத்தால் ஒன்று அதிகமாக வளையும், மற்றது குறைவாக வளையும். நான் ஒருமுறை இப்படி வாங்கிவிட்டு, அம்பு ஏன் குதிக்கிறது என்று ஒரு மாதம் தலையை உடைத்துக்கொண்டேன். பதில் லிம்பின் அடியில், மறைவான இடத்தில் இரண்டு எண்களாக எழுதியிருந்தது.

12. கூடவே வந்த அம்புகளை நம்பாதீர்கள்

வில்லோடு வரும் அலுமினிய அம்புகளில் 1816, 2016 என்று நான்கு இலக்க எண் இருக்கும். இதை ஆண்டு என்று படித்து, வில்லுக்கும் அதே வயதைச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு இலக்கம் அம்பின் குறுக்களவு, அங்குலத்தின் 64இல் ஒரு பங்குக் கணக்கில். கடைசி இரண்டு, குழாய்ச் சுவரின் தடிமன், அங்குலத்தின் 1000இல் ஒரு பங்குக் கணக்கில். 2016 என்றால் 20/64 அங்குலக் குறுக்களவு, 16/1000 அங்குலத் தடிமன். வில்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

13. குறியைத் தராசில் சரிபார்த்தல்

மூன்றாம் படியில் தேறிய வில்லை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். நாண் ஏற்ற, இரண்டு நுனியிலும் மாட்டிக் காலால் மிதித்து வளைக்கும் ஏற்றுக்கயிறு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். தொடையில் குறுக்கே மாட்டி வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

நாண் ஏற்றியதும் கைப்பிடியின் குழிவுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 60 அங்குலத்தை ஒட்டிய ரிகர்வ் வில்லுக்கு ஏழரை முதல் எட்டரை அங்குலம் சரி. ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, திரும்பப் பஞ்சு ஓட்டிப் பாருங்கள். பல ஆண்டு சும்மா கிடந்த ஒட்டு, சுமை ஏறிய பிறகுதான் விடும்.

தராசைக் கயிற்றால் உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் 20 லிட்டர் தண்ணீர் நிரம்பிய கேனை மாட்டித் தராசு சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேனின் எடையைக் கழித்தால் 20 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். பிறகு நாணின் நடுவைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்துங்கள். முகம் வில்லின் பாதையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் டேப்பைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எது வரை அழுத்துவது? 28 அங்குல இழுவை என்று எழுதியிருந்தால், நாணிலிருந்து கைப்பிடியின் ஆழமான குழிவு வரை 26¼ அங்குலம், அதாவது 66.7 சென்டிமீட்டர். ஏஎம்ஓ முறையில் அந்த அளவோடு 1¾ அங்குலம் கூட்டித்தான் 28 என்று எழுதுகிறார்கள். இது தெரியாமல் குழிவு வரை முழு 28 அங்குலம் இழுத்துவிட்டு, வில் எழுதியதைவிடக் கனமாக இருக்கிறது என்று குழம்புகிறார்கள். பழைய லிம்புக்கும் அது வீண் சுமை.

ஒரே மூச்சில் போகாதீர்கள். 15 அங்குலம் வரை நாலைந்து முறை, பிறகு 20, பிறகு 24. இடையிடையே காது கொடுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்துங்கள். கொக்கியிலிருந்து நாண் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பு இல்லாமல் நாணை விடுவது, நல்ல வில்லையும் உடைக்கும்.

தராசு காட்டும் கிலோவை 2.2ஆல் பெருக்கினால் பவுண்டு. எழுதியதோடு 2, 3 பவுண்டு ஏறக்குறைய இருப்பது இயல்பு. 5 பவுண்டுக்கு மேல் குறைந்தால் லிம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். நான்காம் படிக்குத் திரும்புங்கள். 5 பவுண்டுக்கு மேல் கூடினால் நாண் குட்டையா என்று பாருங்கள். தராசும் எழுத்தும் முரண்படும்போது, எய்பவருக்குத் தராசு சொல்வதையே சொல்லுங்கள்.

14. எழுதி வைத்தல்

ஓர் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மை நம் ஊர் ஈரத்தில் பரவிவிடும். இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் வில்லில் கண்டது, வலப்பக்கம் நீங்கள் அளந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அழிந்த எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அட்டையைக் கைப்பிடியில் கட்டுங்கள். லிம்பில் கட்டினால் நூல் பூச்சை அறுக்கும்.

நாணைக் கழற்றி, வில்லை உள்சுவரில் இரண்டு முளையில் படுக்கைவாக்கில் வையுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் கீழ் லிம்ப் முறுக்கும். வாடைக் காலத்தில் வெளிச்சுவர் கசியும், அந்தப் பக்கம் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, பஞ்சு ஓட்டி, தராசில் மாட்டி, தேதியோடு எடையை அதே அட்டையில் அடுத்த வரியில் எழுதுங்கள்.